எழுத்து உடைவது எங்கே? என்கோடிங்கும் லோகேலும்

(திரையில்: "தமிழ்" என்ற சொல். சட்டென்று அது தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று கலைகிறது.)

வணக்கம். இந்தக் குப்பையைப் பார்த்ததும் ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறுவோம். பெரும்பாலும் ஃபைலில் ஒரு பழுதும் இருக்காது. படித்த விதம்தான் தப்பு.

(திரையில்: 224, 174, 164)

எழுத்துகளை பைட் எனும் சிறு எண்களாக மாற்றி எழுதிவைக்கும் முறைதான் என்கோடிங். அதில் ஒன்றான யூடிஎஃப்-8, "த" என்ற எழுத்தை இந்த மூன்று பைட்டுகளாக எழுதிவைக்கிறது. அதே ஃபைலை விண்டோஸ்-1252 என்ற பழைய என்கோடிங்கில் திறந்தால், அதற்கு ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து. 224 கோடு போட்ட ஏ ஆகிறது, 174 வட்டத்துக்குள் ஆர் ஆகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியல் யூனிகோடு. அதில் உள்ள தமிழ் எழுத்துகள் எல்லாம் யூடிஎஃப்-8-இல் 224-இல்தான் தொடங்குகின்றன. அதனால்தான் அந்த ஏ விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. இந்த நிலையில் மட்டும் சேவ் பொத்தானை அமுக்கிவிடாதீர்கள். அதுவரை நன்றாக இருந்த ஃபைல் அப்போதுதான் நிஜமாகவே கெடக்கூடும்.

சரி, "தமிழ்" எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. யூனிகோடுக்கு ஐந்து, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. யூடிஎஃப்-8-இல் 15 பைட். 10 பைட்டோடு வெட்டு என்று நிரல் எழுதினால், ழகரத்தின் முதல் பைட் மட்டும் அநாதையாக நிற்கும்.

(திரையில்: ஒரே நிரல், இரண்டு கணினிகள், இரண்டு விடைகள்)

அப்புறம் லோகேல். மொழி, தேதி, எண்ணை எழுதும் முறை எல்லாம் சேர்ந்த அமைப்பு இது. பைத்தானில் என்கோடிங் சொல்லாமல் ஃபைலைத் திறந்தால், பல பதிப்புகளில் லோகேலைப் பார்த்து அதுவே ஒன்றை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அது வழக்கமாக யூடிஎஃப்-8. விண்டோஸில் வேறாக இருக்கலாம். "என் கணினியில் ஓடுதே" என்ற புலம்பல் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஜாவா 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பிலேயே யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கிவிட்டது. இருந்தாலும் ஃபைலைத் திறக்கும் இடத்திலேயே என்கோடிங்கைச் சொல்லிவிடுங்கள். ஒரு வார்த்தைதானே!

எண்கள் இதைவிடப் பொல்லாதவை. ஜெர்மன் முறையில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. சி மொழியில் எழுதிய நிரல் பயனரின் லோகேலை ஏற்றுக்கொண்டால், 1.5 என்பதை 1,5 என்று அச்சிடும். திரையில் அது சரி. அதையே காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலில் எழுதினால் ஒரு நெடுவரிசை இரண்டாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தப்பும். என்னைக் கேட்டால், மனிதர் படிப்பதற்கு மட்டும்தான் லோகேல். நிரலும் நிரலும் பேசிக்கொள்ளும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

(திரையில்: புள்ளி வைத்த ஆங்கில ஐ, புள்ளி இல்லாத ஆங்கில ஐ)

துருக்கிய மொழியில் இந்த ஆங்கில ஐ இரண்டு உண்டு. பெரிய ஐ-யைச் சிறிதாக்கினால் புள்ளி இல்லாத ஐ வரும். கட்டளைப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும் நிரல் அங்கே தடுக்கி விழும். உங்கள் நிரலை ஒருமுறை துருக்கி லோகேலில் ஓட்டிப் பாருங்கள்.