வாசலில் நிற்கும் நாடுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஒரு நாடு விண்ணப்பித்தால், அது செய்தியில் எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். மாப்பிள்ளை வீட்டார் பேசுவது மட்டும் நம் காதில் விழும். ஊழல் குறைந்ததா, நீதிமன்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் கேட்பது தலைப்புச் செய்தி. அந்த நாட்டுக்காரர் என்ன கேட்கிறார் என்பது அபூர்வமாகத்தான் வரும்.

அதைவிட எனக்குப் பெரிய குறை, ஒரு முழு நாட்டையும் ஒற்றை ஆளாகச் சுருக்கிவிடுவது. 2004 மே மாதம் போலந்து உட்பட 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. மறு வருஷமே பிரான்சில் ஐரோப்பிய அரசியல் சாசனம் பற்றி வாக்கெடுப்பு. அப்போது பத்திரிகைகளில் எங்கு பார்த்தாலும் ‘போலந்து பிளம்பர்’. குறைந்த கூலிக்கு வந்து பிரெஞ்சுக்காரர் பிழைப்பைக் கெடுக்கப் போகிறவராம். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் அவர்மேல் பயம்!

போலந்து சுற்றுலாத் துறை கோபித்துக்கொள்ளவில்லை. கட்டுமஸ்தான ஓர் இளைஞருக்கு பிளம்பர் உடை மாட்டி, சுவரொட்டி போட்டது. ‘நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் திரண்டு வாருங்கள்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகளும் அதை ரசித்துப் போட்டன. எத்தனை தலையங்கம் எழுதினாலும் இந்த அடி விழுந்திருக்காது. வாக்கெடுப்பு என்னவோ அதற்கு முன்பே தோற்றிருந்தது, ஏறக்குறைய 55 சதவீதம் ‘வேண்டாம்’. பழியெல்லாம் பிளம்பர் தலையில் இல்லை, அது வேறு கதை.

அப்புறம், அன்று ஒன்றியத்தில் இருந்த பிரிட்டன். ருமேனியாவும் பல்கேரியாவும் 2007-இல் சேர்ந்தாலும், அந்த மக்கள் அங்கே தடையின்றி வேலை தேட 2014 ஜனவரி 1 வரை காத்திருந்தார்கள். வெள்ளமாக வரப்போகிறார்கள் என்று அதற்கு முன் மாதக்கணக்கில் செய்தி. அன்று காலை லூட்டன் விமான நிலையத்தில் நிருபர்கள் கூட்டம், கீத் வாஸ் உட்பட இரண்டு எம்.பி.க்கள். ருமேனியாவிலிருந்து வந்த விமானத்தில் இறங்கியவர்களில் பலருக்கு பிரிட்டனில் ஏற்கெனவே வேலை இருந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞர் அகப்பட்டார். கேமரா முழுக்க அவர்மேல். மறுபடியும் அதே ஒற்றை ஆள், பாருங்கள்.

வட மாசிடோனியா பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: ‘மாசிடோனியா’ என்ற பெயருக்கு கிரீஸ் காட்டிய எதிர்ப்பு தீர, 2019-இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையை பிரான்ஸ் தடுத்தது, மறு ஆண்டு பல்கேரியா. அது தொடங்கவே 2022 ஜூலை ஆனது. நன்றி, வணக்கம்.