பதினெட்டுக்கு இருபது

நேயர்களுக்கு வணக்கம். பந்தை வெளியே பறக்கவிடாமல் கட்டுப்படுத்தும் ‘கன்ட்ரோல்’ டென்னிஸ் ராக்கெட் பற்றிப் பேசப்போகிறேன். வீட்டில் டென்னிஸ் ராக்கெட் இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வானொலியில் படம் காட்ட முடியாது. ஆனால் நான் சொல்லப்போவதில் பாதியை விரலாலும் காதாலுமே சரிபார்த்துவிடலாம்.

நான் கோச் இல்லை. சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாக ராக்கெட்டுக்கு கட் போடுகிறவன், அதாவது நரம்பு கட்டுகிறவன். காலையில் ஆடுவேன், மாலையில் மற்றவர்கள் ஆடிக் கிழித்ததைக் கட்டிக் கொடுப்பேன். ‘கட்’ என்றால் குடல். 1875இல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் பாபொலா குடும்பம் ஆட்டுக் குடலில் டென்னிஸ் நரம்பு செய்யத் தொடங்கியது. பிறகு மாட்டுக் குடல், நைலான், இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர். பொருள் மாறிவிட்டது, நம் ஊர் வாயில் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

போன சித்திரையில் ஒரு வக்கீல் வந்தார். நாற்பத்தாறு வயது, கிளப்பில் பதினெட்டு வருட ஆட்டம், நல்ல ஃபோர்ஹேண்ட். ராக்கெட்டை மேசைமேல் போட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணா, பந்து உள்ளயே நிக்க மாட்டேங்குது. நல்லா அடிச்சா ஒரு முழம் வெளிய போயிடுது. கன்ட்ரோல் ராக்கெட்டா ஒண்ணு சொல்லுங்க, வாங்கிடறேன்.”

இந்த வசனத்தை நான் மாதத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். உடனே எந்தப் பெயரும் சொல்வதில்லை. “கடைசியா எப்ப சார் கட் மாத்தினீங்க?” என்றேன். “அதான் இன்னும் அறுந்துபோகலையே!” என்றார்.

அங்கேதான் வம்பு. பாலியெஸ்டர் நரம்பு லேசில் அறுந்துபோகாது, அதற்கு முன்பே செத்துப்போகும். இப்போது உங்கள் ராக்கெட்டில் நடுவில் ஓடும் நெடுக்கு நரம்பு ஒன்றை விரலால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு எடுங்கள். ‘டக்’கென்று தன் இடத்துக்குத் திரும்பினால் உயிர் இருக்கிறது. தள்ளின இடத்திலேயே சோம்பேறியாக நின்றால் முடிந்தது கதை. உள்ளங்கையால் தட்டியும் பார்க்கலாம். புது நரம்பு கணீரென்று பேசும், செத்தது தலையணையைத் தட்டின மாதிரி ‘தொப்’பென்னும். இழுவை இறங்கிப்போன நரம்பில் பந்து ஆழமாகப் புதைந்து, எதிர்பாராத உயரத்தில் கிளம்பும். நரம்பு சறுக்கித் திரும்பாததால் டாப்ஸ்பின்னும் குறையும். பந்து உயரப் போகிறது, கீழே இறக்க சுழற்சி இல்லை. வெளியே விழாமல் வேறென்ன செய்யும்? மதிய வெயிலில் கார் டிக்கியில் ராக்கெட்டை வைத்துவிட்டு கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் என்றால், இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அதனால் கத்தரியை எடுத்து பழையதை வெட்டிப் போட்டுவிட்டு, 50 பவுண்ட் இழுவையில் புதிது கட்டி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். “பாதி சரியாயிடுச்சு. ஆனா எதிராளி வேகமா அடிக்கிறப்ப, சும்மா காட்டினாலே பறக்குது.”

இப்போதுதான் ராக்கெட் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்தது 100 சதுர இன்ச் தலை (நரம்பு கட்டும் பரப்பு), 300 கிராம், ஃபிரேமின் தடிமன் அகலமான இடத்தில் 26 மில்லிமீட்டர். உலகத்தில் அதிகம் விற்கும் வகை அதுதான். விற்பதற்குக் காரணமும் உண்டு. பாதி வீச்சில் அடித்தாலும் அது முக்கால் வீச்சின் வேகத்தைத் தரும். ஆட்டம் கற்றுக்கொள்கிறவருக்கு அது வரம். தானே முழு வீச்சில் அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கூடுதல் கால் பங்கு உபத்திரவம்.

இதன் சூட்சுமம் எளிது. பந்து நரம்பின்மேல் இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அவ்வளவுதான். தடித்த, விறைப்பான ஃபிரேம் அந்த நேரத்தில் வளையாது. நரம்பு வாங்கின வேகத்தை அப்படியே பந்துக்குத் திருப்பித் தந்துவிடும். மெல்லிய, வளைந்துகொடுக்கும் ஃபிரேம் அடி விழுந்ததும் பின்னால் வளையும். அது நிமிர்ந்து வருவதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். வளைவதில் செலவான சக்தி பந்துக்குப் போய்ச் சேராது, நஷ்டம்தான். ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் கொடுத்து நாம் வாங்குவது அந்த நஷ்டத்தைத்தான்.

கன்ட்ரோல் ராக்கெட் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த உருவத்தில் இருக்கும்: தலை 95 முதல் 98 சதுர இன்ச், ஃபிரேம் தடிமன் 20 முதல் 22 மில்லிமீட்டர், நரம்பு இல்லாமல் 305 முதல் 320 கிராம், எடை கைப்பிடிப் பக்கம் சாய்ந்திருக்கும். வில்சன் பிளேடு 98, ஹெட் பிரெஸ்டீஜ், யோனெக்ஸ் பெர்செப்ட் 97 எல்லாம் இந்த ஜாதி. விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை, கடையில் போய்த் தேட ஒரு பெயர் வேண்டுமே என்பதற்காக.

மடியில் உள்ள ராக்கெட்டில் நரம்புகளை எண்ணுங்கள். நெடுக்கில் 16, குறுக்கில் 19 இருந்தால் அது திறந்த வலை. நெடுக்கில் 18, குறுக்கில் 20 என்றால் நெருக்கமான வலை. கடைக்காரர்கள் ‘பதினெட்டுக்கு இருபது’ என்று சொல்லும்போது ஒரு மரியாதை தொனிக்கும், ஏதோ மேல்வகுப்புக்குப் பாஸானவர்களுக்கு மட்டும் என்பது போல. நெருக்கமான வலையில் பந்து அதிகம் புதையாது, தாழ்வான கோணத்தில் கிளம்பும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்பும். நரம்பு ஒன்றையொன்று அறுப்பது குறைவு, அதிக நாள் தாங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அதே வலையில் நரம்பு சறுக்க இடம் குறைவு, சுழற்சியும் குறையும். தட்டையாக அடிப்பவருக்கு, பந்தின் அடியைச் சீவி ஸ்லைஸ் போடுபவருக்கு, முன்னால் ஏறி வந்து பந்து தரையில் படுமுன் வாலி ஆடுபவருக்கு அது பொருந்தும். பந்தைக் கீழிருந்து மேலாகத் துடைத்து டாப்ஸ்பின்னில் வாழ்கிறவருக்கு, பந்து நடுவில் கட்டிய நெட்டில் போய் முட்டும். ஜோகோவிச்சே பல வருடம் 18க்கு 20இல் ஆடிவிட்டு, பிறகு 18க்கு 19க்கு இறங்கினார். ஒரே ஒரு குறுக்கு நரம்பு! அவருடைய கைக்கு அந்த ஒன்றின் வித்தியாசம் தெரிகிறது. பதினெட்டுக்கு இருபதை வாங்கினால் பழைய பவுண்டையே கேட்காதீர்கள். வலையே விறைப்பு, இரண்டு மூன்று பவுண்ட் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபெடரர் பெயரோடு வந்த 97 சதுர இன்ச் ராக்கெட்டை ஆசைப்பட்டு வாங்கினேன். நரம்பு இல்லாமலே 340 கிராம். நரம்பும் மேல் கிரிப்பும் ஏறினால் 360ஐத் தொடும். முதல் அரை மணி நேரம் நான் ராஜா. வேகமாக வரும் பந்தின் முன் வைத்தால் போதும், சுவரில் பட்ட மாதிரி நேராகத் திரும்பும். இரண்டாவது செட்டில் பந்து என்னைத் தாண்டின பிறகுதான் ராக்கெட் வந்து சேர்ந்தது. மூன்றாவது செட்டில் சர்வீஸ் போடக் கை எழும்பவில்லை. ஒரு மாதத்தில் முழங்கை வலி. ராக்கெட்டிடம் குறை இல்லை, அது வேறொருவர் தோளுக்காகச் செய்தது.

அந்த ஃபெடரரின் கதையையும் கேளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் அவர் ஆடியது வெறும் 90 சதுர இன்ச் தலையில். சாம்ப்ராஸ் ஆடியது இன்னும் சிறிய 85. 2013இல் விம்பிள்டன் இரண்டாம் சுற்றிலேயே தோற்ற பிறகு, ஹாம்பர்க்கிலும் குஷ்டாடிலும் பெயரில்லாத கறுப்பு ராக்கெட் ஒன்றோடு இறங்கினார். அது 98. சரிப்படவில்லை, மறுபடி 90க்குத் திரும்பினார். 2014இல்தான் பெரிய தலைக்கு நிரந்தரமாக மாறினார், கடைசியில் 97இல் நின்றது. 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் நடாலின் உயர எழும்பும் பந்துகளை ஒற்றைக் கை பேக்ஹேண்டில் அடித்துத் தள்ளினாரே, அது பெரிய தலையில். தலை சிறியதாக ஆக ஆக கட்டுப்பாடு கூடும் என்பது ஓரளவுக்குத்தான். நடுவில் படாத பந்துக்குக் கட்டுப்பாடு ஏது? கிளப்பில் ஆடும் நமக்கு எத்தனை பந்து நடுவில் படுகிறது என்று நமக்கே தெரியும்.

நம் ஊர் ரமேஷ் கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். அவருடைய சர்வீஸ் வேகத்தைக் கண்டு யாரும் பயந்ததில்லை. 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வீட்டுக்கு அனுப்பினார். பந்து எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்துக்குக் கால் முன்கூட்டியே போயிருக்கும், கை அலட்டிக்கொள்ளாது. அந்தக் கட்டுப்பாடு எந்தக் கடையிலும் தொங்குவதில்லை.

சரி, கடைக்குப் போகும்போது என்ன பார்க்கலாம்? ராக்கெட்டை ஒரு விரலின்மேல் படுக்கவைத்து, எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது என்று பாருங்கள். மொத்த நீளம் பெரும்பாலும் 68.5 சென்டிமீட்டர், சரிபாதி 34 சொச்சம். நரம்பு கட்டிய கன்ட்ரோல் ராக்கெட் கைப்பிடி அடியிலிருந்து 32, 33 சென்டிமீட்டரில் நின்றால் வாலிக்கும் வீச்சுக்கும் கை சொன்னபடி கேட்கும். அடுத்து, ஒரே மாடலில் இரண்டு வாங்குவதானால் சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். என் மேசையில் ஒரே பெயர், ஒரே நிறம் உள்ள இரண்டு ராக்கெட்டுகள் ஏழெட்டு கிராம் வித்தியாசம் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். டிவியில் பார்த்த ஆட்டக்காரரின் ராக்கெட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் கையில் இருப்பது வேறு ஃபிரேம். மேலே அடித்த பெயின்ட் மட்டும்தான் கடையில் உள்ளது.

ஊட்டியில் ஆடும் நண்பர் ஒருவர் போனில் இதே புகாரைச் சொன்னார், பந்து பறக்கிறதென்று. அங்கே உயரம் 2,200 மீட்டருக்கு மேல். காற்று அடர்த்தி குறைவு, பந்துக்கு முட்டுக்கட்டையும் குறைவு. அவருக்கு ராக்கெட் வேண்டாம், உயரமான இடங்களுக்கென்றே செய்த பந்து வேண்டும்.

நம் வக்கீலிடம் வருவோம். அவர் கிளப் நண்பரிடமிருந்து ஒரு பதினெட்டுக்கு இருபதை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினார். நான் ஒரே நிபந்தனை போட்டேன்: இரண்டு ராக்கெட்டிலும் ஒரே நரம்பு, ஒரே நாளில் கட்ட வேண்டும். பழைய நரம்பு ஒன்றிலும் புது நரம்பு ஒன்றிலும் ஆடிப் பார்த்தால் சோதிப்பது நரம்பை, ராக்கெட்டை அல்ல. வார்ம்-அப்பில் முடிவெடுக்கக்கூடாது, மூச்சு வாங்கும் மூன்றாவது செட்டில்தான் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் போன் செய்தார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அண்ணா, ஒண்ணுகூட வெளிய போகலை!” சனிக்கிழமை காலை நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான், ஒன்றும் வெளியே போகவில்லை. ஆனால் முன்பு பின்கோடான பேஸ்லைனுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்த அவருடைய நல்ல பந்துகள், இப்போது சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் குட்டையாக விழுந்தன. எதிரில் ஆடியவர் இரண்டு அடி முன்னால் வந்து நிதானமாக அடித்துக்கொண்டிருந்தார். வெளியே போன பந்து கண்ணில் குத்தும், ஸ்கோரிலும் ஏறும். குட்டையாக விழுந்த பந்து ‘உள்ளே’ என்ற கணக்கில் தப்பித்துவிடும், அதன் வட்டியை அடுத்த அடியில் கட்டுவோம். ஆட்டம் முடிந்து 6-2, 6-3 தோற்றுவிட்டு வந்தவரிடம் இதைச் சொன்னபோது, கொஞ்ச நேரம் பேசாமல் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் எடுத்தது 98 சதுர இன்ச், 305 கிராம், 16க்கு 19. மெல்லிய ஃபிரேம், வளைந்துகொடுக்கும். வலை திறந்தது, அவருடைய டாப்ஸ்பின் வீணாகாது. ஓரத்தில் பட்டால் ராக்கெட் கையில் திரும்புகிறது என்றார். அதைத் தடுக்க, ராக்கெட் தலையில், கடிகாரத்தில் மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் இடங்களில் பக்கத்துக்கு பத்து சென்டிமீட்டர் ஈயப் பட்டி ஒட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு கிராம்தான். ஈயம் தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள், அது வேறு விஷயம். பறப்பது நின்றது. குட்டையாகவும் விழவில்லை. எல்லா ஆட்டமும் ஜெயிக்கிறார் என்று சொல்லமாட்டேன், பேக்ஹேண்ட் பழைய பேக்ஹேண்ட்தான்.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை சாயங்காலம் கோர்ட் முடிந்து கறுப்பு கோட்டோடு வருகிறார். ராக்கெட்டை மேசைமேல் வைத்து, நடு நரம்பை விரலால் தள்ளிக் காட்டுகிறார்.

“அறுந்துபோகலைண்ணா. இருந்தாலும் வெட்டிடுங்க.”

நன்றி, வணக்கம்.