கிணற்றுக்கு ஒரு வேலி
(வன உயிரின வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட வன அலுவலர் அவர்களே, வனச்சரகர் அவர்களே, கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, அக்கம்பக்கத்து ஊராட்சிகளிலிருந்து வந்திருக்கும் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, ஆடு மேய்ச்சலை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கும் உள்ளே நாற்காலி போடுங்கள் ஐயா. இந்த விழாவில் முதலில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மீட்பு, மறுவாழ்வு, வாழிடம் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒரே வரியில் சொல்லி வைத்தார்கள்: தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே. தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2020 நவம்பர். தருமபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி பக்கம். இன்னும் விடியவில்லை. காட்டிலிருந்து இறங்கி வந்த பெண் யானை ஒன்று வயல் கிணற்றில் விழுந்துவிட்டது. ஐம்பது அடி ஆழம் இருக்கும். பிளிறல் கேட்டுத்தான் ஊர் எழுந்தது. வனத்துறை வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, மருத்துவர்கள் வந்தார்கள், கிரேன் வந்தது. சுற்றிலும் ஜனம். யானை மேலே வந்தபோது இரவாகிவிட்டது!

ஏன் அவ்வளவு நேரம்? பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். யானைக்கு மயக்க ஊசி போடாமல் பெல்ட் கட்ட முடியாது. தண்ணீர் கிடக்கும்போது ஊசி போட்டால் தும்பிக்கை தண்ணீருக்குள் சரிந்து, மூச்சடைத்துச் செத்துவிடும். அதனால் முதலில் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். மருந்து குறைந்தால் இறங்கிய ஆளை மிதிக்கும், கூடினால் இதயம் நிற்கும். மேலேயிருந்து பார்த்து எடையை மதிப்பிட்டு அளவு போட வேண்டும். மயங்கிய யானை நெஞ்சை அழுத்திக் கவிழ்ந்து படுத்தால், அதன் எடையே அதை மூச்சு விட விடாது. பக்கவாட்டில் சாய வேண்டும். அப்புறம் ஆள் இறங்கி, முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு பெல்ட், பின்னங்கால்களுக்கு முன்னால் ஒரு பெல்ட் போட வேண்டும். மூன்று டன்னுக்குக் குறையாத உயிர் கிரேனில் தொங்கும்போது கீழே எவரும் நிற்கக் கூடாது. தரையில் இறக்கியதும் மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டுவிட்டு, எல்லோரும் விலக வேண்டும். இவ்வளவையும் முறையாகச் செய்தாலும் உயிர் தங்குமா என்பதற்கு உறுதியில்லை. அன்று அந்த யானை பிழைத்தது. உழைத்த கைகளை இங்கிருந்தே கும்பிடுகிறேன்.

ஆனால் பாருங்கள், அந்த உழைப்பு முழுவதும் வாலைப் பிடித்த உழைப்பு. தும்பு எங்கே இருந்தது? கிணற்று விளிம்பில் இருந்தது.

யானை விழுந்தால் செய்தி. மானும் மயிலும் காட்டுப்பூனையும் நரியும் மரநாயும் விழுந்தால் நாற்றம் வந்த பிறகுதான் தெரிகிறது. நாய் துரத்த, இருட்டில் ஓடி வரும் மானுக்கு விளிம்பு தெரியாது. உண்ணிச்செடி அதை மூடியிருக்கும். கால் வைத்ததும் விளிம்பு மண் சரியும்.

உங்கள் கிணற்றில் ஒரு விலங்கு கிடந்தால் முதல் வேலை கூட்டத்தைக் கலைப்பது. வனத்துறைக்கும் 101க்கும் சொல்லிவிட்டு, தத்தளிக்கும் உயிர் பற்றிக்கொள்ள லாரி டியூபோ பலகையோ கயிற்றில் கட்டி இறக்குங்கள். சிறுத்தை என்றால், வனத்துறையினர் நான்கு மூலையிலும் கயிறு கட்டிய கட்டிலை இறக்குவார்கள். அது ஏறி உட்காரும். விளிம்பு நெருங்கியதும் பாய்ந்துவிடும். காட்டுப் பக்கம் ஆளே இல்லாமல் வழி திறந்திருக்க வேண்டும். சில நேரம் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டாலே போதும், இரவில் தானே ஏறிப் போய்விடும்.

மானுக்கு வேறு கதை. தூக்கியதும் கண்ணைத் துணியால் கட்டுங்கள், சத்தம் போடாதீர்கள். மல்லாக்கப் போடாதீர்கள். அசைபோடும் பிராணி, இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு வந்து நுரையீரலில் இறங்கிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தொட்டுத் தடவிப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், பயத்திலேயே அதன் தசை சிதையும். அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். துள்ளி ஓடிய மான் இரண்டு நாள் கழித்துப் புதரில் செத்துக் கிடப்பது இதனால்தான்.

மறுவாழ்வு பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். மருத்துவர் அம்மா எனக்குப் பின் பேசுவதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கரும்பு வெட்டும்போது காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைத்தால் சிறுத்தைக் குட்டி என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள், மாட்டுப்பால் புகட்டாதீர்கள். வனத்துறையைக் கேட்டுக்கொண்டு, எடுத்த அதே இடத்தில் பெட்டியில் வைத்து, பொழுது சாய்ந்ததும் விலகிவிடுங்கள். பெரும்பாலும் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். எந்தக் காட்டுயிர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

மூன்றாவது வாழிடம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் நம் கடவூர், அய்யலூர்ப் பக்கத்துக் குன்றுகளில் 11,806 ஹெக்டேரை 2022இல் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் இது. அதற்கு உழைத்த அலுவலர்களுக்கும், இடம் கொடுத்த ஊர்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் தேவாங்குக்கு எல்லைக் கல் தெரியுமா? பட்டா நிலத்து வேலியோரத்திலும் அது இருக்கிறது, பூச்சியைத் தின்று வெள்ளாமையைக் காக்கிறது. தரையில் இறங்க அஞ்சும் பிராணி, கிளைக்குக் கிளை தொட்டுத்தான் போகும். நாம் கிளுவை மரங்களை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டோம், அதன் பாதையை அறுத்துவிட்டோம்.

இங்கேதான் என் கோரிக்கைக்கு வருகிறேன். கிணற்றைச் சுற்றிக் கிளுவை வேலி. காசுள்ளவர்கள் நான்கடி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புங்கள், மிக நல்லது. விளிம்பை ஒட்டி மட்டும் எழுப்பாதீர்கள், மூன்றடி தள்ளி எழுப்புங்கள். ஒட்டிக் கட்டிய சுவர் மண்ணோடு சேர்ந்து கிணற்றுக்குள் போய்விடும். சுவருக்கு வழியில்லாதவர்கள், மழை தொடங்கும்போது ஐந்தடிக் கிளுவைப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, ஓரடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை நடுங்கள். ஆழமாக ஊன்றி மண்ணை மிதித்துவிட வேண்டும். காற்றில் ஆடினால் வேர் பிடிக்காது. அடர்த்தியாக இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை குறுக்கே முள் அடைத்து வையுங்கள், ஆடு கடிக்காமலும் இருக்கும். வேலிக்கு வெளியே பத்தடிக்குப் புதரை வெட்டுங்கள்.

உள்ளே ஒரு கயிறு. தேங்காய் நார்க் கயிறு, கை தடிமன், ஓரடிக்கு ஒரு முடிச்சு. நைலான் வேண்டாம், வழுக்கும், நகம் பிடிக்காது. கோடையில் நீர் இறங்கும்போது கயிறு பாதியில் தொங்கி நிற்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. அடிமட்டம் வரை விடுங்கள். நுனியில் ஒரு மரக்கட்டை கட்டினால் நீரோடு ஏறி இறங்கும், பாம்பும் பூனையும் அதில் தங்கிப் பிழைக்கும். நார் நீரில் இற்றுப்போகும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். தும்பை விடாமல் பிடிப்பது இவ்வளவுதான்.

சாலையில் அடிபடுவதைப் பற்றியும் பேச வேண்டும். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், கட்டுப்படுகிறேன்.

ஊராட்சித் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிராம சபை நவம்பர் 1ஆம் தேதி. ஊர் எல்லைக்குள் இருக்கும் கிணறுகளைக் கணக்கெடுத்து, கைவிட்டவற்றை மூடவும், பயன்படுபவற்றுக்கு ஓராண்டில் வேலி போடவும் தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்த நிதியில் செய்யலாம் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள்.

வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். கிணற்றின் சர்வே எண், ஆழம், கோடையில் நீர்மட்டம், படி இருக்கிறதா, படி அடிவரை போகிறதா, இதுவரை என்னென்ன விழுந்தன என்று எழுதிக் கொடுங்கள். கிணறு யாருடையது என்று சொல்லத் தயங்கினால், இடத்தை மட்டும் எழுதினாலும் போதும். வணக்கம்.