ஊர்க்குருவிக்கு ஒரு கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் தூணோடு சாய்ந்து நிற்கும் மாணவர்களே, மைக்கை இதுவரை கூவவிடாமல் காப்பாற்றும் தம்பி அவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. போன வருஷம் இதே மேடையில் இன்னொருவருக்கு நான் போர்த்திய சால்வை போலத்தான் தெரிகிறது. பரவாயில்லை, சுற்றி வந்திருக்கிறது.

நூறு வருஷத்துக்கும் முன்னால் நம் பல்லாவரத்தில் பறந்த ஒரு விமானத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். பறந்தவர் யார், விமானத்தைக் கட்டிய பட்டறை எது, அந்த இயந்திரம் எப்படி மேலே எழும்பியது.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த காலத்திலிருந்தே இந்தப் பழமொழியோடு எனக்குப் பகை. ஏன் என்று டி ஏஞ்சலிஸைக் கேளுங்கள். கார்சிகா தீவுக்காரர், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். அந்த ஹோட்டல்தான் பிறகு பொசோட்டோ ஆனது. 1909 ஜூலை 25 அன்று பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் பறந்து கடந்தார். அந்தச் செய்தி இவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. சமையற்கட்டையும் அறை வாடகையையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், சிம்சன் கம்பெனியில் போய் விமானம் கட்டித் தரச் சொன்னார். 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி அது. அவர்களும் கட்டிக் கொடுத்தார்கள்!

நம் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பறந்து காட்டினார். ஹோட்டல்காரர் அல்லவா, சும்மா காட்டுவாரா? கூட்டத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டும் பறந்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் 12 விநாடி பறந்து ஏழு வருஷம்கூட முடியாத நேரம். இந்திய விமானக் கதை என்றால் அலகாபாத்தில் ஆரம்பிப்பார்கள். 1911 பிப்ரவரி 18, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, சுமார் 6,500 கடிதங்களோடு அங்கிருந்து பக்கத்து நைனிக்குப் பறந்தார். வாழ்க. நம் ஊர்க்குருவி பதினொரு மாதம் முந்தி.

இந்த மனிதருக்கு ஒரு நினைவுக்கல் கேட்டு நான் மனு கொடுத்த கதையைச் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். முதல் மேசையில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "ஏஞ்சலிஸ் உங்களுக்கு என்ன உறவு சார்?" என்றார். உறவு இல்லை என்றேன். "அப்போ வாரிசு சர்டிபிகேட்?" இரண்டாம் மேசைக்கு அனுப்பினார். அங்கே ஓர் அம்மா, மிகவும் தன்மையானவர், "இறப்புச் சான்றிதழ் இணைக்கலையே" என்றார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள் அம்மா என்றேன். "அதனால்தான் கேக்கறேன், உயிரோட இருந்தா கல் வைக்க முடியாது." மூன்றாம் மேசையில், ஹோட்டல் சம்பந்தப்பட்டது என்பதால் உணவுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். நான்காம் மேசையில் ஆள் இல்லை, மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது: "தங்கள் குடிநீர் இணைப்பு மனு பரிசீலனையில் உள்ளது."

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் விமானம் ஏற மீனம்பாக்கம் போகிறவர்கள் எத்தனை பேர் இந்தப் பல்லாவரத்தைத் தாண்டிப் போகிறார்கள்! அவர்களில் ஒருவராவது நின்று படிக்க ஒரு கல் வேண்டாமா? சிலை கேட்கவில்லை, மணிமண்டபம் கேட்கவில்லை. இரண்டடிக்கு மூன்றடி கல், நான்கு வரி, தமிழில். பருந்தாகாதாம் ஊர்க்குருவி! குதிரை வண்டிப் பட்டறையில் பிறந்த குருவி ஐயா அது. அந்தப் பட்டறையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

மூன்றாவதாக அந்த இயந்திரம் எப்படி எழும்பியது என்பது... தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். சரி, தலைவர் சொல்லைத் தட்டக் கூடாது. வாசலில் மேசை போட்டிருக்கிறது, புது மனு அதன் மேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போங்கள். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.