செட்டா, வயரா?

நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். நான் தப்பாக ஏதாவது சொன்னாலும் நீங்கள் குறுக்கே வந்து "அப்படி இல்லைங்க" என்று சொல்ல வழியில்லை. ஹாம் வானொலி என்கிற அமெச்சூர் வானொலியில் எனக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. பொத்தானிலிருந்து விரலை எடுத்த அடுத்த நொடி எதிர்முனையில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு கால் சைன், அதாவது அலையில் தன்னை அடையாளம் சொல்லும் குறி, வைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் உலகம் அது. மழை, உடம்பு, பிள்ளைகள் என்று பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "உங்க செட் எப்படி இருக்கு?"

இன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வண்டியில் வைக்கிற டூயல் பேண்ட் செட், அதாவது இரண்டு அலைவரிசைகளில் பேசவும் கேட்கவும் உதவும் கருவி, வாங்கியவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள், அதில் எவ்வளவை நம்பலாம்?

பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. தடித்த புத்தகம் அளவுக்கு ஓர் உலோகப் பெட்டி. முதுகில் சூட்டை வெளியேற்ற அலுமினியத் தகடுகள், ஒரு சின்ன விசிறி. பல செட்டுகளில் முகப்பு தனியாகக் கழன்று வரும். பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு முகப்பை மட்டும் ஓட்டுநருக்கு எதிரே ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு பேண்ட் என்பது 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒன்று, 430 பக்கம் இன்னொன்று. நாங்கள் அலைநீளத்தை வைத்து இரண்டு மீட்டர், எழுபது சென்டிமீட்டர் என்போம். ஒன்று மற்றொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் அரை மீட்டர் கம்பி ஒன்று முதல் பேண்டில் கால் அலையாகவும் இரண்டாவதில் முக்கால் அலையாகவும் வேலை செய்துவிடும். வண்டிக் கூரையில் ஒரே ஆண்டெனா போதும் என்பதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம்.

இனி என் கதை. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

என் முதல் செட்டை வண்டியில் மாட்டிய வாரம். கேட்பதற்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. பேசலாம் என்று மைக் பொத்தானை அழுத்தினால் முகப்பு வெளிச்சம் மங்கும். நாலு வார்த்தை பேசுவதற்குள் செட் அணைந்து, தானே மறுபடி உயிர் பெறும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்: "வாங்காதீங்க, குப்பை." அதை நம்பி இரண்டு பேர் வாங்காமலே விட்டார்கள்.

ஒரு நாள் மூத்த ஹாம் ஒருவர் என் வண்டியில் ஏறினார். செட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பொத்தானை அழுத்திப் பிடி" என்று சொல்லிவிட்டு, குனிந்து வயரை ஒரு கோடியிலிருந்து தடவிக்கொண்டே போனார். பியூஸ் கூட்டின் மேல் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதன் பிளாஸ்டிக் ஓரம் இளகிப்போயிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 13.6 வோல்ட், செட்டின் வாயில் 11.6. நடுவில் 2 வோல்ட் காணோம். 10 ஆம்பியர் ஓடுகிற வயரில் 2 வோல்ட் விழுந்தால் 20 வாட். அவ்வளவும் அந்த வயரிலும் அதன் இணைப்புகளிலும்தான், அதிலும் பெரும்பங்கு அந்தச் சின்னக் கூட்டுக்குள், சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சிகரெட் லைட்டர் துளைக்குப் போகிற மெல்லிய வயரில் செட்டைத் தொங்கவிட்டது நான்தான். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே புது பியூஸ் போட்டதும் அந்தக் "குப்பை" வாய் திறந்து பேசியது. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

அன்றிலிருந்து யாராவது செட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால், நான் முதலில் மனத்துக்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் குறை இதே செட்டை வேறு வண்டியில் மாட்டினாலும் வருமா? வரும் என்றால் அது செட்டின் குறை. வராது என்றால் வயரின் குறை, ஆண்டெனாவின் குறை, சில சமயம் ஆளின் குறை.

"50 வாட் என்று போட்டிருக்கிறார்கள், ரீச்சே இல்லை" என்பது அடிக்கடி காதில் விழுகிற புகார். 50 வாட்டை 10 வாட்டாகக் குறைத்தால் இழப்பு 7 டெசிபெல். எதிர்முனையில் அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபெல் என்பது கணக்கு. ஆக, வாட்டை ஐந்தில் ஒன்றாக்கினாலும் அங்கே முள் ஒரு புள்ளியும் கொஞ்சமும்தான் இறங்கும். இந்த அதிர்வெண்களில் அலை பெரும்பாலும் பார்வைக் கோட்டில் போகிறது. நடுவே குன்று நின்றால் வாட் ஏற்றிப் பயனில்லை. ஆண்டெனா கூரையின் நடுவில் நிற்கிறதா, பின்பக்க ஓரத்தில் காந்தத்தில் சாய்ந்து நிற்கிறதா, கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்பதெல்லாம் வாட்டைவிடப் பெரிய விஷயம். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. செட்டுக்குச் செலவழித்தவர்களுக்கு கேபிளைப் பற்றிப் பேச மனம் வராது.

சூடு விஷயம் வேறு. "செட் கொதிக்கிறது" என்று சொல்லாத உரிமையாளரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் சொல்கிறார்கள் என்றால் அது செட்டின் சுபாவம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 13.8 வோல்ட், 10 ஆம்பியர். உள்ளே போவது 138 வாட். ஆண்டெனாவுக்குப் போவது 50. மீதி 88 வாட், ஒரு சால்டரிங் அயர்ன் குடிக்கிறதைவிட அதிகம், அந்தப் புத்தகம் அளவுப் பெட்டிக்குள் தங்கிவிடுகிறது. எஃப்.எம். முறையில் நீங்கள் கத்தினாலும் சரி, பொத்தானைப் பிடித்துக்கொண்டு யோசித்தாலும் சரி, அழுத்தியிருக்கும்வரை முழு சக்தியும் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே சூடு பற்றிய புகாரின் சுருதி ஆளைப் பொறுத்து ஏறும். இரண்டு வாக்கியத்தில் பேச்சை முடிக்கிறவர் "லேசா சூடாகும்" என்பார். நம் பேச்சை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் நிலையம் ரிப்பீட்டர். பேச்சு நீண்டால் அதன் டைம்அவுட் தானே வெட்டிவிடும். அந்த வெட்டு விழும்வரை விடாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் செட்டின் மேல் கையை வைக்க முடியாது. அவருக்கு யாரும் குறைந்த சக்தியில் பேசச் சொல்வதில்லை. குறைவாகப் பேசச் சொல்கிறார்கள்.

விசிறிச் சத்தம் என்று குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதே செட்டை வீட்டு மேசையில் வைத்திருப்பவர்கள். ஓடும் வண்டியில் அது காதிலேயே விழாது.

கேட்கும் திறன் பற்றிய அபிப்பிராயங்கள்தான் புதியவரை உண்மையிலேயே குழப்பும். ஒரே செட்டை ஒருவர் தலையில் தூக்கி வைப்பார், இன்னொருவர் கீழே போட்டு மிதிப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. விலை குறைந்த சில செட்டுகளில், அலையை வாங்கும் பகுதியான ஏற்பி முழுவதும் ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்கும். பலமான அலைகள் ஒரே நேரத்தில் வந்து மோதினால் அதற்கு மூச்சு முட்டும். ஊருக்கு வெளியே, சுற்றிலும் கோபுரமில்லாத இடத்தில் அதே செட் பஞ்சு போல மெலிந்த குரலையும் எடுத்துக்கொடுக்கும். நகரத்துக்குள், ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு நடுவே வந்தால் கரகரப்பும், யாருடையதென்று தெரியாத துண்டுப் பேச்சும் கலந்து வரும். வந்த அலையை வேறோர் அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பிரித்தெடுக்கிற பழைய சூப்பர்ஹெட் முறையில், முன்வாசலில் நல்ல வடிகட்டிகள் வைத்துக் கட்டிய செட்டுகள் இந்த இடத்தில்தான் தங்கள் விலையை நியாயப்படுத்துகின்றன. எனவே அபிப்பிராயம் சொல்கிறவர் எங்கே வண்டி ஓட்டுகிறார் என்று தெரியாமல் அவர் பேச்சை எடை போட முடியாது.

"உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது" என்று பிறர் சொல்ல, மைக்கைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மைக்கை மாற்றும் முன் மெனுவைப் பாருங்கள். அலையின் விலகலை, அதாவது குரலுக்கேற்ப அதிர்வெண் ஆடும் அளவை, சாதாரணமாக 5 கிலோஹெர்ட்ஸில் வைப்பார்கள். செட் குறுகிய முறையில் மாட்டிக்கொண்டிருந்தால் அது பாதியாகிவிடும், குரலும் அதற்கேற்ப ஒடுங்கும்.

மெனு என்றதும் என் சொந்தக் கோபமும் கிளம்புகிறது. ரிப்பீட்டர் வழியாகப் பேச வேண்டுமானால் அதன் அதிர்வெண் வேண்டும், அது கேட்கும் அலைக்கும் பேசும் அலைக்கும் உள்ள இடைவெளி வேண்டும், நம் பேச்சுக்கு அதன் கதவைத் திறக்கிற டோன் என்கிற மெல்லிய ஒலி, உதாரணமாக 88.5 ஹெர்ட்ஸ், வேண்டும். கணினியில் கேபிள் போட்டு ஏற்றிவிட்டால் சுகம். பாதி வழியில், இருட்டில், ஓரமாக வண்டியை நிறுத்தி, எண் எண்ணாகத் தள்ளி அந்த டோனைத் தேடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும் அந்த வேதனை. இது எந்த வண்டியிலும் மாறாது. இரண்டு பேண்டுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ் வைத்த செட்டுகளை உரிமையாளர்கள் விடாமல் புகழ்வதை நான் அப்படியே நம்புகிறேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தானே போய்ப் பிடிக்கும்.

ஒரு பேண்டில் கேட்டதை இன்னொன்றில் திருப்பி ஒலிபரப்பும் வசதி சில செட்டுகளில் உண்டு. கையடக்க செட்டோடு வண்டியைவிட்டு இறங்கி நடக்கிறவருக்கு அது வரம். ஆனால் வண்டியிலிருக்கும் செட் மற்றவர் பேசும் நேரமெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், ஆளும் பக்கத்தில் இல்லை. சக்தியைக் குறைத்து வையுங்கள். உங்கள் உரிமம் இதை எந்த நிபந்தனையோடு அனுமதிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய வாரத்தில் சொல்லும் பாராட்டை நான் பெட்டியைத் திறந்த சந்தோஷமாகவே எடுத்துக்கொள்கிறேன். மைக் சுருள்வயரின் கொக்கி உடைந்தது, முகப்புப் பொத்தானில் எழுத்து அழிந்தது, இரண்டு வெயில் காலம் தாண்டியும் செட் ஓடுகிறது என்று சொல்கிறவர் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்பேன்.

என் செட் அதே வண்டியில்தான் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டு வாங்காமல் போன இருவரில் ஒருவர் அலையில் சந்திக்கும்போதெல்லாம், "குப்பை இன்னும் பேசுதா?" என்று கேட்பார். பேசுகிறது. நண்பகல் வெயிலில் மட்டும் முகப்பில் ஓர் எழுத்தும் தெரியாது. கையால் மறைத்துக்கொண்டுதான் சேனலைப் பார்க்கிறேன். அதற்கு வயர் காரணமில்லை.

வணக்கம்.