ஆப்ல இருந்து வைஃபை மேக் அட்ரஸ் எடுத்தா ஏன் 02:00:00:00:00:00 வருது?

[ஸ்க்ரீன்ல ரெண்டு போன், பக்கத்துல லாக்]

இந்த லாக்க கொஞ்சம் பாருங்க. ரெண்டு போனும் வேற வேற கம்பெனி, வேற வேற மாடல், ஆனா ரெண்டோட மேக் அட்ரஸும் 02:00:00:00:00:00னு ஒண்ணு போல வந்துருக்கு. நான் முதல்ல இத பாத்தப்போ கோட்லதான் தப்புன்னு நெனச்சு ஒரு சாயங்காலம் பூரா தேடுனேன், மேக் அட்ரஸ வெச்சு யூசர பதிவு பண்ணதால டேட்டாபேஸ்ல எல்லா யூசரும் ஒரே ஆளா பதிவாகி கெடக்காங்க, அப்புறம்தான் தெரிஞ்சுது கோட்ல ஒரு தப்பும் இல்ல, போனே வேணும்னுதான் பொய் சொல்லுது.

மேக் அட்ரஸ்னா போனோட வைஃபை ஹார்டுவேருக்குன்னு இருக்குற அடையாள எண், 48 பிட், ரெண்டு ரெண்டு எழுத்தா ஆறு ஜோடி. முன்னாடி மூணு ஜோடி தயாரிக்கிற கம்பெனிக்கு ஐஇஇஇங்கற தர நிர்ணய அமைப்பு குடுக்குறது, மிச்சம் அந்த கம்பெனி போடுறது. ஐபி அட்ரஸ் நெட்வொர்க் மாறுனா மாறிடும், இது ஹார்டுவேரோடவே வர்றதால மாறாது. அதனாலதான் விளம்பரக்காரங்க இத வெச்சு ஆளுங்கள ஃபாலோ பண்ண ஆரம்பிச்சாங்க. உடனே 2013ல ஐஓஎஸ் 7ல ஆப்பிள் கதவ சாத்துச்சு, 2015ல ஆண்ட்ராய்டு 6ல கூகுளும் சாத்துச்சு. ஆண்ட்ராய்டுல வைஃபை விவரம் குடுக்குற வைஃபை மேனேஜர்கிட்ட கேட்டா இந்த டம்மி அட்ரஸ்தான் அப்போல இருந்து.

நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா, நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்ங்கற வேற ஒரு க்ளாஸ் வழியா ஒரு கொல்லைப்புற வழி கண்டுபிடிச்சாங்க, நெட்ல இருக்குற பழைய பதில்கள்ல எல்லாம் இன்னும் அந்த கோட்தான் கெடக்கு, காப்பி பண்ணாதீங்க, ஆண்ட்ராய்டு 11ல டார்கெட் எஸ்டிகே, அதாவது ஆப் எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்குன்னு சொல்ற நம்பர், 30 வெச்சா அதுவும் null-னு காலியா திரும்பி வரும்.

[ஸ்க்ரீன்ல டெர்மினல்]

சரி, டெஸ்டிங்குக்கு நிஜமாவே அட்ரஸ் வேணும், ஆபீஸ் ரவுட்டரோட அனுமதி லிஸ்ட்ல நம்ம போன சேக்கணும், அப்ப என்ன பண்றது? ஆப்ப விடுங்க, கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கமாண்ட் குடுக்குற ஏடிபி ஷெல்லுக்குள்ள போய் ip addr show wlan0னு அடிங்க, டபிள்யூலேன் ஜீரோன்னு ஒண்ணு இருக்கும்ல, அதான் போனோட வைஃபை, அதுல லிங்க் ஈதர் பக்கத்துல இருக்குறது மேக், கீழ ஐநெட் பக்கத்துல இருக்குறது ஐபி. ரெண்டும் ஒரே எடத்துல கெடைச்சுடும். கம்ப்யூட்டர்ல ஓடுற போலி போனான எமுலேட்டர்ல இத ட்ரை பண்ணாதீங்க, அங்க இருக்குறது எல்லாமே கற்பனை நெட்வொர்க்தான்.

இப்ப இதுலயும் ஒரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10ல இருந்தும் ஐஓஎஸ் 14ல இருந்தும் ஒவ்வொரு வைஃபைக்கும் போன் ஒரு பொய் அட்ரஸ தானே உருவாக்கிக்குது. கண்டுபிடிக்க ஈஸியான வழி ஒண்ணு இருக்கு, முதல் ஜோடியோட ரெண்டாவது எழுத்த பாருங்க, அது 2, 6, ஏ, இ இதுல ஏதாவதுன்னா அனேகமா அது உருவாக்குன அட்ரஸ்தான். மேல பாத்த 02லயும் அதே 2 இருக்கு பாத்தீங்களா! ரவுட்டர்ல சேக்கணும்னா அந்த வைஃபையோட செட்டிங்ஸ்ல பிரைவசின்னு ஒண்ணு இருக்கும், அதுல டிவைஸ் மேக்னு மாத்திட்டு திரும்ப கனெக்ட் பண்ணுங்க, ஐபோன்ல பிரைவேட் வைஃபை அட்ரஸ ஆஃப் பண்ணணும். மெனு பேரு போனுக்கு போன் மாறும், கொஞ்சம் தேடித்தான் ஆகணும்.

யூசர அடையாளம் காணத்தான் மேக் கேட்டீங்கன்னா அந்த ஐடியாவயே விட்டுடுங்க. ஆப் முதல் தடவ ஓப்பன் ஆகும்போது நீங்களே ஒரு யூயூஐடி, அதாவது வேற யாருக்கும் வராத ஒரு ரேண்டம் ஐடி, உருவாக்கி சேவ் பண்ணிக்கலாம், இல்ல ஆண்ட்ராய்டே குடுக்குற ஆண்ட்ராய்டு ஐடி எடுக்கலாம், ஆனா ஆண்ட்ராய்டு 8ல இருந்து அது ஆப்புக்கு கையெழுத்து போடுற சைனிங் கீக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால டெஸ்ட் பண்ற டீபக் பில்ட்ல ஒண்ணும் வெளியிடுற ரிலீஸ் பில்ட்ல வேற ஒண்ணும் வந்தா பதறாதீங்க.

கம்பெனியே குடுத்து கண்ட்ரோல் பண்ற போன்னா மட்டும் கதை வேற, அங்க டிவைஸ் ஓனரா, அதாவது போன் மொத்தத்தையும் கண்ட்ரோல் பண்ற ஆப்பா இருக்குறதுக்கு, ஆண்ட்ராய்டோட டிவைஸ் பாலிசி மேனேஜர் நிஜ மேக் அட்ரஸ குடுக்கும்.