ஹீட்டருக்கு அடியில் சொட்டும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. கொடைக்கானல் விடுதிகளில் நீச்சல் குளங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகளுக்காகத்தான் இன்றைய பேச்சு. மார்கழி பிறந்துவிட்டால் புகார் பெரும்பாலும் இரண்டுதான். கேஸ் ஹீட்டருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. விடிகாலையில் பர்னர் பற்றமாட்டேன் என்கிறது.

தண்ணீரைப் பார்த்ததும் உள்ளே செப்புக் குழாய் ஓட்டை என்று முடிவு கட்டிப் பெரிய செலவில் இறங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கேஸ் எரியும்போது சூட்டோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர். 19 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் ஏறக்குறைய 30 லிட்டர்! வழக்கமாக அது புகையோடு வெளியே போய்விடும். குளத்துத் தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தால், அது ஓடும் குழாயின் மேல் ஆவி பட்டு வியர்த்துக் கொட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பர்னரை அணைத்துவிட்டு பம்பை மட்டும் ஓடவிடுங்கள். அடியில் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். காய்ந்தே கிடந்தால் அது வெறும் வியர்வை. குளம் சூடேறியதும் தானாக நின்றுவிடும். பர்னர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் கசிவுதான். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் ஓரிங், காஸ்கெட், பிறகு வடிகால் மூடி. செப்புக் குழாய் கடைசியில்தான். அந்தக் குழாயை அரிப்பது பெரும்பாலும் புளிப்பேறிய தண்ணீர். நம் மலைத் தண்ணீரில் உப்புச் சத்து குறைவு, அதனால் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, சட்டென்று இறங்கிவிடும்; அது இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். 7.2-க்குக் கீழே போகவிடாதீர்கள். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மருக்குள், அதாவது குளத்தின் மேல்தண்ணீரை இழுக்கும் வாய்க்குள், போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அந்தப் புளிப்பு நேராக ஹீட்டருக்குள்தான் போகிறது.

சரி, பற்றாத கதைக்கு வருவோம். மேலே வியர்த்த தண்ணீர் பர்னர் மேல் விழுந்து தீமூட்டியைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஆக, இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம். ஃபில்டரில் அழுக்கு அடைத்திருந்தாலும் பற்றாது. நீரோட்டம் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் தீயை அனுமதிக்காது. முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், காசில்லாத வேலை.

அதையும் தாண்டி ஒன்று உண்டு, குளிர். சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் பியூட்டேன் ஆவியாகவே மறுக்கும். சிலிண்டரில் கேஸ் இருந்தும் அழுத்தம் இருக்காது. பெரிய ஹீட்டருக்கு ஒற்றைச் சிலிண்டர் போதாது, இரண்டு மூன்றைச் சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தியும் குறைவு. சமவெளிக்கென்று அமைத்த பர்னர் இங்கே புகைந்து கரி பிடிக்கும், விஷவாயுவும் கக்கும். ஹீட்டர் அறையின் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து சாக்கால் அடைக்காதீர்கள். உயரத்துக்கு ஏற்ப பர்னரை மாற்றியமைப்பது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வால்வை மூடிவிட்டு, எல்லாரையும் வெளியே அழைத்துவந்து, அப்புறம் கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு போன் செய்யுங்கள். வணக்கம்.